பிள்ளைகளுக்கு ஆங்கிலம்: பாடமா, பழக்கமா?

நமது சங்கக் கூட்டங்களுக்கு வரும் இளம் பெற்றோர்கள் என்னைக் கண்டால் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பையன் மூன்றாவது படிக்கிறான். இங்கிலீஷ் மீடியம்தான். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிறான். ஆனால் யாராவது இங்கிலீஷில் பெயர் கேட்டால்கூட என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறான். என்ன செய்யலாம்?" முப்பத்தேழு ஆண்டுகள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் இதைக் கேட்பானேன் என்று தோன்றலாம். பணி ஓய்வுக்குப் பின் கும்பளங்கியில் குடியேறிய நான், சனிக்கிழமை மாலைகளில் அக்கம்பக்கத்துச் சிறுவர் சிறுமியர் எட்டுப் பேருக்கு வீட்டு வராந்தாவில் ஆங்கிலம் பழக்கி வருகிறேன். இருவர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள், மற்றவர்கள் மலையாளிகள். அச்செய்தி எப்படியோ மட்டாஞ்சேரி வரை போய்விட்டது. மலர்க் குழுவினரும் "அதையே எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுக்கொண்டதன் பேரில் இக்கட்டுரை.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன் அல்லன், சிவில் டிப்ளமாக்காரன். ஆகவே முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்.

பள்ளி ஆண்டில் சுமார் 200 வேலை நாட்கள். நாளொன்றுக்கு 40 நிமிடம் ஆங்கில வகுப்பு. வகுப்பில் 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியை வாயே திறக்காமல் முழு நேரத்தையும் பிள்ளைகள் பேசுவதற்கே பங்கிட்டுக் கொடுத்தாலும், ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது நாளுக்கு ஒரு நிமிடம். ஆண்டுக்கு 200 நிமிடம், அதாவது மூன்று மணி இருபது நிமிடம். எர்ணாகுளத்தில் ரயிலேறிக் கோயம்புத்தூரில் இறங்குவதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய அவ்வளவுதான்! உண்மையில் 40 நிமிடத்தில் 30 நிமிடம் ஆசிரியையே பேசுவார். அப்படியானால் பிள்ளையின் பங்கு ஆண்டுக்கு 50 நிமிடம். இதை வைத்துக்கொண்டு ஒரு மொழி பேச வரவில்லையே என்று பிள்ளையைத் திட்டுவது, ஜல்லி போடாத பாதையில் மெயில் வண்டியை விட்டுவிட்டு டிரைவரைத் திட்டுவது போன்றது.

பேச்சு போகட்டும், வாசிப்பாவது வருகிறதா என்றால் அதுவும் குறைவுதான். 2022-ஆம் ஆண்டின் ஏசர் அறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுள் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 24.5 சதவீதம். நான்கு பேரில் ஒருவர்.

இது நேற்று முளைத்த சிக்கல் அன்று. 1950-களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்குப் புதிய முறையில் பயிற்சி தருவதற்கான திட்டம் அது. சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்கள் வேறு சிலருக்குக் கொடுத்து, அவர்கள் இன்னும் பலருக்குக் கொடுப்பது என்ற ஏற்பாட்டினால் அதற்குப் 'பனிப்பந்து' என்றே பெயர் வந்தது. உருண்டு வரவரப் பெருக்கும் அல்லவா, அதனால். அந்தப் பயிற்சியின் சாரம், வாக்கிய அமைப்புகளை வரிசைப்படுத்தி நாளுக்கொன்றாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது. என் தலைமுறை அந்த முறையில் படித்ததுதான். 'திஸ் இஸ் எ புக். தட் இஸ் எ டோர்.' வகுப்பே கோரஸாகக் கத்தும். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு "இது புத்தகம்" என்று உலகத்தில் யாராவது யாருக்காவது சொல்வார்களா? கேட்பவனுக்கும் தெரியும், சொல்பவனுக்கும் தெரியும். அதில் செய்தியே இல்லை. ஆனாலும் அந்த ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. தமிழ் மீடியத்தில் பள்ளியிறுதி முடித்த நான் பாலிடெக்னிக்கில் சர்வே புத்தகத்தை எழுத்துக் கூட்டியாவது படித்தேன் என்றால், அவர்கள் போட்ட அடித்தளம்தான். பேசத்தான் வரவில்லை.

பேச்சு வந்தது பாதையில். நான் வேலைக்குச் சேர்ந்த செக்ஷனில் கீமேன் ஒருவர் இருந்தார். கீமேன் என்பவர் தினமும் தம் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பார்த்து, தளர்ந்த சாவிகளை அடித்து இறுக்கி வருபவர். பள்ளிக்கூடத்து ஆங்கிலமே அறியாதவர். ஆனால் வடநாட்டு அதிகாரி ஒருவர் டிராலியில் ஆய்வுக்கு வந்தபோது, 'கிலோமீட்டர் தேர்ட்டி டூ பை ஃபோர், லெஃப்ட் ரெயில், ஒன் ஃபிஷ் போல்ட் நோ சார்' என்று அவர் சொன்னார். இலக்கணம் இல்லை. ஆனால் செய்தியில் ஓர் எழுத்துக் குறையவில்லை. அதிகாரி அங்கேயே குறித்துக்கொண்டார். நானோ டிப்ளமாவை வைத்துக்கொண்டு பக்கத்தில் ஊமையாக நின்றேன். கீமேனுக்கு ஆங்கிலம் பாடமாக வரவில்லை, போல்ட்டோடு வந்தது. பிறகு எனக்கும் அப்படித்தான் வந்தது.

இதே கருத்தை முறைப்படி எடுத்துக்கொண்டு, நம் பிள்ளைகளிடமே சோதித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. நம்மவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. என். எஸ். பிரபு, சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்விப் பிரிவில் பணியாற்றியவர். பெங்களூரில் உள்ள தென்னிந்திய ஆங்கில மண்டல நிறுவனத்துடன் சேர்ந்து, 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில இடங்களிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். 'பெங்களூர்த் திட்டம்' என்று உலகம் முழுவதும் மொழியாசிரியர்கள் இன்றும் அதைக் குறிப்பிடுகிறார்கள். 1987-இல் அது புத்தகமாகவும் வந்தது.

பிரபு எடுத்துக்கொண்ட கொள்கை எளியது. கவனம் பொருளில் இருக்கும்போதுதான் மொழியின் வடிவம் தானாக மனத்தில் படிகிறது. எனவே அவருடைய வகுப்பில் இலக்கணப் பாடமே இல்லை. வாக்கிய உருப்போடுதலும் இல்லை. பதிலாக ஒரு வேலை கொடுக்கப்படும். வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது, நாட்காட்டியை வைத்துத் தேதி கணக்கிடுவது போன்றவை. அவற்றில் ரயில் கால அட்டவணையும் ஒன்று என்று படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லவும் வேண்டுமா! முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதையும் கேள்வி கேட்டு ஒரு கணக்கை எல்லோருமாகப் போடுவார்கள். பிறகு அதே போன்ற இன்னொரு கணக்கை ஒவ்வொரு பிள்ளையும் தனியாகப் போட வேண்டும். மதிப்பெண், விடை சரியா என்பதற்கு மட்டுமே. வாக்கியம் சரியா என்பதற்கு அன்று.

இத்தகைய வேலைகளை அவர் மூன்று வகையாகப் பிரித்தார். ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவர் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒன்று. கையில் உள்ள தகவலிலிருந்து யோசித்துப் புதிய விடை காண்பது இரண்டாவது. தன் விருப்பத்தை, கருத்தைச் சொல்வது மூன்றாவது. இவற்றில் நடுவில் உள்ள யோசனை வகைதான் வகுப்புக்கு மிகவும் ஒத்துவந்தது என்பது அவர் அனுபவம்.

விளைவு என்ன என்று கேட்பீர்கள். எடின்பரோவிலிருந்து பெரெட்டா, டேவிஸ் என்ற இருவர் வந்து சோதித்து 1985-இல் அறிக்கை வெளியிட்டார்கள். வாக்கிய அமைப்புத் தேர்வில் பழைய முறை மாணவர்கள் முந்தினார்கள். பொருளை உணர்ந்து பயன்படுத்தும் தேர்வுகளில் பிரபுவின் மாணவர்கள் முந்தினார்கள். நான் இதை முழு வெற்றி என்று சொல்லமாட்டேன். வழக்கமான பள்ளி ஆசிரியர்களுக்கு இந்த முறை எளிதில் கைவரவில்லை என்றும் பின்னர் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. தனக்கே ஆங்கிலம் தயக்கமாக இருக்கும்போது, பிள்ளை என்ன கேட்பான் என்று தெரியாத வகுப்புக்குள் நுழைவதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் ஒன்று நிச்சயம்: இலக்கணமே சொல்லித் தராமல் விட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்பதை அது காட்டிற்று.

இனி 'மூழ்குதல்' என்ற முறைக்கு வருகிறேன். இன்று விளம்பரப் பலகைகளில் அதிகம் அடிபடும் சொல் இது. இதன் பிறப்பிடம் கனடா. கியூபெக் மாநிலத்தில் மான்ட்ரியலுக்கு அருகே செயின்ட் லாம்பர்ட் என்ற ஊர். ஆங்கிலம் பேசும் பெற்றோர்கள், பிரெஞ்சு மொழி பேசும் மாநிலத்தில் இருந்தும் தம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வரவில்லையே என்று போராடி, 1965-இல் பாலர் வகுப்பிலிருந்தே எல்லாவற்றையும் பிரெஞ்சில் கற்பிக்கும் வகுப்பைத் தொடங்கவைத்தார்கள். மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாலஸ் லாம்பர்ட் அப்பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார். பிரெஞ்சைப் புரிந்துகொள்வதில் அவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஆங்கிலத்தில் முதலில் சற்றே பின்தங்கி, பிறகு ஈடுகட்டிவிட்டார்கள்.

இதைப் பார்த்துத்தான் நம் ஊர்ப் பள்ளிகள் "நாங்களும் மூழ்கவைக்கிறோம்" என்கின்றன. ஆனால் அங்கே இருந்த மூன்று விஷயங்களை யாரும் சொல்வதில்லை. அந்தப் பிள்ளைகளின் வீட்டு மொழி பலமாக, மதிப்போடு இருந்தது. ஆசிரியைக்குப் பிள்ளைகளின் மொழியும் தெரியும். தொடக்கத்தில் பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டால் அவர் புரிந்துகொண்டு பிரெஞ்சில் பதில் சொல்வார். மூன்றாவது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே பூஜ்யத்திலிருந்து தொடங்கினார்கள். நம் நாட்டில் நடப்பது என்ன? தாய்மொழியில் பேசினால் அபராதம். என் உறவினர் வீட்டுச் சிறுமி, "தண்ணீர் குடிக்கப் போகட்டுமா" என்று தமிழில் கேட்டதற்காகப் பத்து ரூபாய் கட்டினாள். அடுத்த நாளிலிருந்து அவள் தண்ணீரே கேட்கவில்லை. பள்ளியின் பெயர் இங்கு வேண்டாம். அது ஒரு பள்ளியின் குணம் மட்டும் அன்று.

கும்பளங்கி நாற்புறமும் காயல் சூழ்ந்த ஊர். இங்கே பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் சுரைக்குடுக்கை கட்டுவார்கள். இங்கே இரண்டு காய்ந்த தேங்காய்களைக் கயிற்றில் பிணைத்து மார்புக்கடியில் கொடுக்கிறார்கள். பக்கத்தில் அப்பாவோ அண்ணனோ இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பார். சில நாளில் தேங்காய் தானாகக் கழன்றுவிடும். யாரும் பிள்ளையைப் படகிலிருந்து தள்ளிவிட்டு, "கத்தினால் அபராதம்" என்று சொல்வதில்லை. மூழ்குதல் வேறு, மூழ்கடித்தல் வேறு. மொழியில் அந்தத் தேங்காய், தாய்மொழிதான்.

இனி என் வராந்தாவில் நடப்பதைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு மாதம் யாரையும் நான் பேசச் சொல்லவில்லை. கட்டளை மட்டுமே. 'ஸ்டேண்ட் அப். கோ டு தி கேட். டச் தி கேட். கம் பேக் ஸ்லோலி.' நானும் கூடவே செய்து காட்டுவேன். பிறகு நான் செய்யாமல் சொல்வேன். பிறகு விஷமமாக, 'புட் தி ஸ்லிப்பர் ஆன் யுவர் ஹெட்' என்பேன். சிரிப்பு தாங்காது. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் என்பவர் 1960-களில் வகுத்த முறை இது. குழந்தை பேசத் தொடங்குவதற்கு முன்பே "பந்தை எடுத்து வா" என்றால் எடுத்து வருகிறது அல்லவா? கேட்டுப் புரிவது முதலில், பேச்சு பின்னால். ஏழாவது வாரம் ஒரு சிறுமி தானாகவே எழுந்து, "சாரே, இனி ஞான் பறயாம்" என்று என் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டு எனக்கே கட்டளை போட ஆரம்பித்தாள். 'சார், ஜம்ப்!' இந்த வயதில் குதித்தேன்.

அடுத்து அளவு நாடா. முப்பது மீட்டர் நாடாவைக் கொடுத்து வராந்தாவை அளக்கச் சொன்னேன். ஒருவன் பூஜ்யத்தைப் பிடிப்பான், ஒருவன் மறுமுனையைப் பிடித்துப் படிப்பான், ஒருவன் எழுதுவான். 'ஹோல்ட் இட் டைட். ஹவ் மச்? ஃபோர் மீட்டர் ட்வென்டி. நோ, ட்வென்டி ஃபைவ்!' இங்கேதான் சண்டை வரும். சண்டை வந்தால் மொழி வரும். அகலமும் அளந்தபின், ஒரு அடிச் சதுர ஓடு எத்தனை வேண்டும் என்று கேட்டேன். பாதி மலையாளத்திலும் பாதி ஆங்கிலத்திலும் விவாதித்தார்கள். நான் தடுக்கவில்லை. எண்ணும் முடிவும் மட்டும் ஆங்கிலத்தில் வர வேண்டும் என்பது நிபந்தனை.

குழுவாகப் பேசவிடுவதைப் பிரபு அவ்வளவாக விரும்பவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையின் தவறு இன்னொன்றிடம் தொற்றிக்கொண்டு நிலைத்துவிடும் என்பது அவர் கவலை. ஆனால் தொடக்கத்தில் போட்ட நிமிடக் கணக்கு எனக்குப் பெரிதாகப் படுகிறது. எட்டுப் பேரை நான்கு ஜோடியாக்கினால் ஒரே நேரத்தில் நாலு வாய் பேசும்.

ரயில் அட்டவணையும் உண்டு. இரண்டு தாள்கள். ஒன்றில் எர்ணாகுளம், ஆலுவா, திருச்சூர், பாலக்காடு என்று நிலையங்களும் வண்டி வந்து சேரும் நேரங்களும். மற்றதில் அவை புறப்படும் நேரங்கள். ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. 'வென் டஸ் இட் லீவ் ஆலுவா?' என்று கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். நிரப்பியபின் கேள்வி: எந்த நிலையத்தில் வண்டி அதிக நேரம் நிற்கிறது? திருச்சூரில் அம்மா சாப்பாடு வாங்க நேரம் இருக்குமா? நேரங்கள் நான் கற்பனையாகப் போட்டவை, அதை நம்பி யாரும் பயணம் செய்ய வேண்டாம். ரயில்வேயில் ஒரு நிலைய அதிகாரி தொலைபேசியில் சொல்லும் செய்தியை மறுமுனையில் உள்ளவர் அப்படியே திருப்பிச் சொல்லி உறுதிசெய்வார். அந்த வழக்கத்தை இங்கும் வைத்திருக்கிறேன். வகுப்பில் கோரஸாகத் திருப்பிச் சொல்வதற்கும் இதற்கும் வேற்றுமை உண்டு. இங்கே தப்பாகத் திருப்பிச் சொன்னால் அட்டவணை தப்பாகும்.

நான்கு மணியிலிருந்து ஐந்து மணி வரை நான் டில்லிக்காரன். தலையில் ஒரு தொப்பி. தொப்பி இருக்கும்வரை எனக்கு மலையாளமும் தெரியாது, தமிழும் தெரியாது. மாம்பழம் வேண்டுமென்றால் டில்லிக்காரரிடம் ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும். எவ்வளவு உடைந்த ஆங்கிலமானாலும் புரிந்தால் பழம் உண்டு. யாருக்காவது அழுகை வந்தால் தொப்பியைக் கழற்றிவிடுவேன். தேங்காய் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் வேஷம் எத்தனை நாளைக்கு? கும்பளங்கிக்கு உள்ள பேறு, நிஜமான டில்லிக்காரர்களும் அவர்களைவிடத் தூரத்திலிருந்து வருபவர்களும் இங்கே தாமாகவே வருகிறார்கள். 2003 வாக்கில் இது மாதிரிச் சுற்றுலாக் கிராமமாக அறிவிக்கப்பட்டது. 2019-இல் 'கும்பளங்கி நைட்ஸ்' படம் வந்தபின் கூட்டம் இன்னும் அதிகம். சீன வலை, நண்டு வளர்ப்பு, கயிறு திரித்தல், ஒரு பருவம் நெல்லும் மறு பருவம் இறாலுமாக மாறி மாறி விளையும் பொக்காளி வயல் என்று பார்ப்பதற்கு நிறைய. வீடுகளிலேயே விருந்தினரைத் தங்கவைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டாரிடம் அனுமதி பெற்று, அவர்களும் நானும் உடனிருக்க, பிள்ளைகளை அழைத்துப் போனேன். பெரியவர்கள் துணையின்றி அந்நியரிடம் பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

வயதான வெளிநாட்டுத் தம்பதியர் சீன வலையின் முன் நின்றார்கள். மீன்பிடிப்பவர் வீட்டுப் பையன் ஒருவன், வகுப்பில் அதிகம் பேசாதவன், அவனே ஆரம்பித்தான். 'திஸ் நெட் கோயிங் டவுன். ஃபிஷ் கம்மிங். வீ புல்.' எத்தனை பேர் இழுப்பீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். 'ஃபோர். நோ, சண்டே ஃபைவ்.' ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் ஐந்து? பையன் மார்பைத் தட்டிக்கொண்டு, 'மீ!' என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். 'ஓ, ஆன் சண்டேஸ் ஃபைவ் பீப்பிள் புல் இட்' என்று அவன் சொன்னதையே முழுதாக்கி, பேச்சோடு பேச்சாகத் திருப்பிச் சொன்னேன். "தப்பு" என்று சொல்லவில்லை. கல் எடைகளைக் காட்டி, 'வென் வீ புல், ஸ்டோன் கோஸ் டவுன், நெட் கோஸ் அப்' என்று அடுத்த வாக்கியத்தை அவன் 'கோஸ்' போட்டே சொன்னான். யாரும் சொல்லித் தரவில்லை, காதில் விழுந்திருக்கிறது. அவனுடைய அப்பாவுக்கும் மாமாவுக்கும் விருந்தினர்களை நம்பிய வருமானம் உண்டு. அந்தப் பையனுக்கு ஆங்கிலம் மதிப்பெண் அன்று, பிழைப்பு.

தவறுகளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளின் ஆங்கிலப் பிழைகளில் பாதி, தமிழ் வாக்கியம் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டு வருவதுதான். "இன்று காலையில்தான் வந்தேன்" என்பது 'டுடே மார்னிங் ஒன்லி ஐ கேம்' என்று வருகிறது. நம்முடைய 'தான்' அங்கே 'ஒன்லி' ஆகிவிட்டது. "எங்கே போகிறாய்" என்பதில் சொற்கள் இடம் மாறத் தேவையில்லை. ஆகவே 'வேர் யூ ஆர் கோயிங்?' பிள்ளை முட்டாளாக இருப்பதால் இப்படி வரவில்லை. ஒரு மொழி நன்றாகத் தெரிந்திருப்பதால் வருகிறது. புதிதாகப் போட்ட பாதையில் முதல் நாளே முழு வேகம் விடமாட்டோம். 20 கிலோமீட்டர், பிறகு 45, பிறகு மெல்ல மெல்ல உயர்த்துவோம். வண்டி ஓட ஓடத்தான் ஜல்லி இறுகும். ஓடுவதை நிறுத்திவிட்டு ஜல்லி இறுகட்டும் என்று காத்திருந்தால் அது ஒருநாளும் இறுகாது.

விருந்தினர் வராத ஊரில் என்ன செய்வது என்றால், எர்ணாகுளம் ஜங்ஷனுக்குப் போங்கள். அறிவிப்பு மலையாளத்தில் வரும், இந்தியில் வரும், ஆங்கிலத்தில் வரும். மலையாளத்தில் கேட்ட செய்திதான் என்பதால் ஆங்கிலம் புரியும். வண்டி எண்ணையும் பிளாட்பாரத்தையும் ஆங்கில அறிவிப்பிலிருந்து பிடித்து எழுதுவது ஒரு விளையாட்டு. மெட்ரோவிலும் செய்யலாம். ஃபோர்ட் கொச்சி வேலியில் உள்ள தோபி கானாவில் நம் தமிழ்க் குடும்பங்கள் துணி வெளுக்கின்றன. அதைப் பார்க்க நாள்தோறும் பயணிகள் வருகிறார்கள். அங்குள்ள பிள்ளைகளுக்குக் காசு கொடுத்து 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' வகுப்பு தேடுபவர்கள், வாசலில் வந்து நிற்கும் ஆங்கிலத்தைப் பார்ப்பதில்லை. கைபேசிக் கார்ட்டூன் போதாதா என்பவர்களுக்கு: காதுக்கு நல்லதுதான், ஆனால் அது பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

கேரள அரசுப் பள்ளிகளிலும் 2016-17 வாக்கில் 'ஹலோ இங்கிலீஷ்' என்ற திட்டம் வந்தது. ஆசிரியை கதை சொல்வதும், பிள்ளைகள் பேசுவதும், நடிப்பதும், தாமே எழுதுவதும் அதில் முக்கியம். அதன் பின்னணியில் உள்ள சிந்தனையில் எனக்குப் பிடித்த அம்சம், பிள்ளை மலையாளத்தில் பதில் சொன்னாலும் ஆசிரியை அதை ஏற்று ஆங்கிலத்தில் திருப்பித் தருவது. அரசுப் பள்ளி என்று முகம் சுளிக்கும் நம்மவர்கள், பக்கத்துப் பள்ளியில் ஒருநாள் போய் அந்த வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

கடைசியாக, நம் வீடுகளைப் பற்றி. பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்திவிட்ட சில குடும்பங்களை நமது சங்கத்திலேயே அறிவேன். அப்பாவும் அம்மாவும் தமக்கே சரளமாக வராத மொழியில், "ஈட் பேபி, கம் பேபி" என்று நாலு சொல்லில் குடும்பம் நடத்துகிறார்கள். தெருவில் மலையாளம், பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் அரைகுறை ஆங்கிலம். பிள்ளைக்குக் கோபம் வந்தால், பயம் வந்தால், நீளமாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தால் எந்த மொழியில் சொல்லும்? ஊரிலிருந்து ஆச்சி தொலைபேசியில் பேசினால் பிள்ளை கருவியை அம்மாவிடம் நீட்டிவிடுகிறது. கனடாக்காரர்களின் பிள்ளைகள் பிரெஞ்சு கற்றது, வீட்டில் ஆங்கிலத்தை விட்டுவிட்டு அன்று.

என் வகுப்புக்கு வரும் தமிழ்ப் பையன் ஒருவனின் தாயார் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்கிறார். "எனக்கு ஏ, பி, சி, டியே தெரியாது அண்ணாச்சி, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று கேட்டார். சொல்லிக் கொடுக்கவே வேண்டாம் என்றேன். தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் சிறுவர் கதைப் புத்தகங்கள் சென்னையில் தூலிகா போன்ற பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. ஆங்கிலம் மட்டும் உள்ள சிறு கதைப் புத்தகமும் ஆகும். பையன் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிக்கட்டும். வாசித்ததும், "என்னப்பா நடந்துச்சு?" என்று கேளுங்கள். அவன் தமிழில் கதை சொல்லட்டும். நடுவில் உங்களுக்குத் தோன்றும் இடத்தில் "ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். அவன் வெறுமனே எழுத்துக் கூட்டியிருந்தால் பதில் வராது. மறுபடி புத்தகத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும். பிரபு சொன்ன யோசனை வேலை இதுதான். இதற்கு அம்மாவுக்கு ஆங்கிலம் வேண்டியதில்லை.

இப்போது வாரத்துக்கு இரண்டு கதை நடக்கிறதாம். போன வாரம் பையன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடமே ஓடி வந்தான். நரி ஆற்றைக் கடந்து போன பிறகு ஏன் திரும்பி வந்தது என்று அம்மா கேட்டுவிட்டாராம். அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்துவிட்டான், பதில் கிடைக்கவில்லை. நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். பதில் புத்தகத்தில் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி.